குப்பம்மா அக்கா வீட்டுக் கரண்ட்டு

எங்கள் சந்தில் சாவு விழுந்தால், அழுகிறவர்கள் அழுதுகொண்டிருக்க, விவரம் தெரிந்தவர்கள் முதலில் குப்பம்மா அக்கா வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். கரண்ட்டுக்கு. கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டை ஒட்டிய சந்து அது. இரண்டு பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடுகள், கடைசியில் ரயில்வே சுவர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டு பல்பு, ஒரு டேபிள் ஃபேன், வசதி இருந்தால் ஒரு பழைய டிவி. பெரிய மோட்டாரைத் தாங்குகிற மூன்று ஓட்டைப் பிளக் அக்கா வீட்டில் மட்டும்தான் இருந்தது. அவள் புருஷன் சுப்பராயன், கை கால் நன்றாக இருந்த காலத்தில், மாவு அரைக்கிற கிரைண்டர் ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்து, அதற்காகவே ஆள் வைத்து ஒயர் இழுத்துப் போட்ட பிளக்.

என் பெயர் சிவந்தி. சந்து முனையில் இட்லிக் கடை. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். இல்லை என்று சொல்ல மாட்டேன், இந்தச் சந்தில் வாய் இல்லாதவள் ஒரு குடம் தண்ணீர் பிடிக்க முடியாது. அக்கா அரைத்துக் கொடுக்கிற மாவில்தான் என் கடை ஓடியது. அவள் எனக்கு நேர் எதிர். நாலு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைக் கேட்டால், அது தன்னால் முடியுமா என்று யோசிக்கவே மாட்டாள், 'சரி' என்று சொல்லிவிட்டு அப்புறம் முழிப்பாள். அதற்காக நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது.

பிளக்குக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் எங்கள் பக்கத்தில் செத்தவர்களை அன்றைக்கே எடுத்துவிடுவோம். ரொம்ப அவசியம் என்றால் காசிமேடு மீன் துறைமுகத்திலிருந்து ஐஸ் பார் வாங்கி வந்து, மரத்தூள் போட்டு, பெஞ்சுக்குக் கீழே வைப்போம். அப்புறம் ஐஸ் பொட்டி வந்தது. கண்ணாடி மூடி போட்ட பெட்டி, அடியில் மோட்டார். கல்மண்டபம் போகிற ரோட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சுப்புராஜ் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சேர், பாத்திரம், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர், ஒரு பெட்டி வாங்கிப் போட்டார். வந்த புதிதில் பயந்தோம். பிறகு பார்த்தால், பெட்டி வைக்காத சாவு சாவே இல்லை என்று ஆகிவிட்டது. காலையில் செத்து மாலையில் எடுக்கப்போகிற கிழவருக்குக்கூட, "பொட்டி வெக்கலன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்கோ" என்று வைத்தார்கள். பெட்டிக்கு அக்கா வீட்டுப் பிளக். அதற்கு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. சாவு வீட்டுக்குச் சோறு கொடுப்பதுபோல் கரண்ட்டு கொடுப்பதும் ஒரு முறை என்று ஆகிவிட்டது.

இதற்கிடையில் சுப்பராயன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் காலையில் எழுந்து முகம் கழுவப் போன இடத்தில் அப்படியே சரிந்துவிட்டார். அக்கா கத்திய கத்தலில் முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. மார்க்கெட்டில் கீரை விற்கிறவள், அப்போதே அறுபதை நெருங்கியவள். கீரைக் கூடையை அப்படியே சாக்கடையில் போட்டுவிட்டு, மாமாவை ஒரு பக்கம் தோளில் தாங்கி, இன்னொரு பக்கம் அக்கா பிடிக்க, ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினாள். உயிர் பிழைத்தார். ஆனால் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. 'ஊம்' என்கிற ஒரே சத்தம்தான். பசித்தாலும் ஊம், வலித்தாலும் ஊம். அந்த ஊம்களில் எது எது என்று அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா காலையில் மாவரைப்பாள், மாமாவைத் துடைத்துவிடுவாள், ஊட்டிவிடுவாள், மத்தியானம் ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுப்பாள். டேபிள் ஃபேன் இப்படியும் அப்படியும் திரும்புமே, அதன் பின்னால் இருக்கிற குமிழைத் தூக்கி விட்டுவிட்டாள். ஃபேன் மாமாவை மட்டும் பார்த்து நிற்கும். "எனுக்கு வேர்த்தா நான் எயுந்து வாசலாண்ட பூடுவேன், அந்தாளு எங்க போவாரு?" என்பாள். டாக்டரும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். உடம்பு சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவரால் புரண்டு படுக்க முடியாது, தாகம் என்று கேட்க முடியாது. மாமா உயிரோடு இருந்தார் என்றால் அதில் அக்காவின் கை பாதி, அந்த ஃபேன் பாதி.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் வந்த கோடை அது. அந்தக் கோடையைப் பற்றி இப்போது யாராவது 'அப்படியா சூடு' என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் வெயில் இறங்கவில்லை. மழை இல்லாமல் ஏரியெல்லாம் காய்ந்து, தண்ணீர் லாரி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. காலை எட்டு மணிக்கே ஷீட் கொதிக்க ஆரம்பித்துவிடும். இட்லிப் பானை பக்கத்தில் நிற்பதும் வீட்டுக்குள் நிற்பதும் ஒன்றாகத்தான் இருந்தது. சந்தில் வயசானவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அண்ணாச்சி இன்னொரு பெட்டி வாங்கினார்.

அக்னி நட்சத்திரம் நடக்கும்போதே ஒரு காலையில் தாயம்மா போய்விட்டாள். முதல் நாள் கீரை விற்றுவிட்டு வந்து தலை வலிக்கிறது என்று படுத்தவள், எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஒரே மகன், அன்புமணி. துபாயில் வெல்டர் வேலை. அண்ணாச்சி கடை போனுக்கு அவன் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். ரிசீவருக்கு வெளியே கேட்டது அவன் அழுகை.

"அண்ணாச்சி, எங்கம்மா மொகத்த ஒரு தபா பாக்கணும். எடுத்துடாதீங்கோ. நாளைக்கு வந்துர்றேன்."

"வாப்பா, வா. நான் பாத்துக்கிடுதேன். நீ பதறாம வா" என்றார் அண்ணாச்சி.

பெட்டி வந்தது. தாயம்மா வீட்டுக்குள் அது நுழையாது. சந்திலேயே பந்தல் போட்டு, அக்கா வீட்டு வாசலை ஒட்டி வைத்தார்கள், ஒயர் அவ்வளவு தூரம்தான் எட்டும். பெட்டி ஓட ஆரம்பித்தது. அதன் பின்பக்கத்திலிருந்து வந்த சூட்டுக் காற்று நேராக அக்கா வீட்டுக்குள் அடித்தது. அப்போதே எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, உள்ளேதான் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததே.

மத்தியானம் பெட்டி நின்றது. ஸ்டெபிலைசரில் சிவப்பு விளக்கு எரிந்தது, டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். மீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வோல்ட்டேஜ் இல்லம்மா. எல்லாரும் ஃபேனைப் போட்டா பெட்டி எப்படி ஓடும்? போன வாரம் ஒரு இடத்துல இப்படித்தான் நின்னு போச்சு. சாயங்காலம் மூடியத் திறந்தா பெத்த மவளுக்கே அடையாளம் தெரியல. நான் சொல்லக் கூடாது, பாத்துக்கிடுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கதை எங்கள் காதுக்கும் வந்திருந்தது. பிணம் ஊதி, முகம் கறுத்து, மகள் மயங்கி விழுந்து, அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனார்களாம். தாயம்மாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தோம். யார் முதலில் சொன்னார்கள் என்று ஞாபகம் இல்லை. சந்து முழுக்க எல்லா வீட்டிலும் ஃபேனை, டிவியை, விளக்கை நிறுத்துவது என்று முடிவானது. நானும் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு வந்தது, பெட்டி மறுபடி கொர்ரென்று ஓடியது. "பாத்தியா, பாத்தியா" என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கைகளால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்ற பெருமை எல்லோருக்கும் இருந்தது.

நாங்கள் நிறுத்தினோம், எழுந்து வெளியே போனோம். ஆண்கள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் போய்ப் படுத்தார்கள். பிள்ளைகளை ரயில்வே காலனி மரத்தடிக்கு விரட்டினோம். அக்காவும் நிறுத்தினாள். மாமாவால் எழுந்து போக முடியாது.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அக்கா விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஈரத் துண்டு ஒன்றை அவர் நெஞ்சில் போட்டிருந்தாள், போட்ட மாத்திரத்தில் காய்ந்துவிட்டது. குடத்தில் தண்ணீர் அடியில் கிடந்தது. இருந்ததைத் தாயம்மாவைக் குளிப்பாட்டக் கொடுத்துவிட்டிருந்தாள்.

"அக்கா, உன் ஃபேன மட்டும் போடு. ஒண்ணே ஒண்ணுதானே. யாருக்குத் தெரியப் போவுது?"

"பொட்டி நின்னா?"

"நின்னா நிறுத்திக்கலாம்."

"எல்லாரும் நிறுத்திகினு கீறாங்கோ. நான் மட்டும் போட்டுகினா நல்லாவா இருக்கும்? அதுவும் என் வூட்டு லைன்லதான் பொட்டியே ஓடுது" என்றாள். விசிறியதை நிறுத்தவில்லை.

"சரி, மாமாவத் தூக்கிகினு போயிடலாம். கட்டிலோட. பிளாட்பாரத்துல காத்து வருது."

வாசலைக் காட்டினாள். பெட்டியும் அதைச் சுற்றி உட்கார்ந்த பெண்களுமாக ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் வெளியே வர முடியும். கட்டில் வெளியே வரவேண்டும் என்றால் பெட்டியை நகர்த்த வேண்டும். பெட்டியை நகர்த்தினால் ஒயரைப் பிடுங்க வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இரண்டு ஆண்களைக் கூப்பிட்டேன். பந்தலில் இருந்த பெண்கள் விடவில்லை. பிணம் கிடக்கிறபோது நோயாளியை அதைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போகக் கூடாதாம், ஆகாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றாக நாலு கேட்டேன். அக்காவே, "வேணாம் சிவந்தி, ராவுக்குக் கொஞ்சம் குளுந்துடும், வுடு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரியும் குளிரவில்லை. ஆனால் எப்படியோ போய்விட்டது. மாமா ஊம் என்றார், கஞ்சி இரண்டு வாய் குடித்தார்.

மறுநாள் காலையில் வரவேண்டிய அன்புமணி வரவில்லை. போன்தான் வந்தது. பம்பாய் வழியாக டிக்கெட்டாம், அங்கே விமானம் மாறவேண்டுமாம், மத்தியானம் ஆகிவிடுமாம். மத்தியானம் இன்னொரு போன். அந்த விமானத்தையும் விட்டுவிட்டானாம், அடுத்ததில் இடம் கிடைத்திருக்கிறதாம், சாயங்காலம் கட்டாயம் வந்துவிடுவானாம். ஒவ்வொரு போனுக்கும் நாங்கள் "வரட்டும், பாவம்" என்றோம். பாவம்தான். பெற்ற தாய் முகத்தைப் பார்க்க வருகிறவனை யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் ஒவ்வொரு 'பாவம்' சொல்லும்போதும் என் கண் உள்ளே அந்தக் கட்டிலில் கிடந்தவர் பக்கம்தான் போனது.

நான் அண்ணாச்சியிடம் போனேன். "பொட்டிய எடுத்துட்டு ஐஸ் பார் போடுங்கோ அண்ணாச்சி. முன்ன அப்படித்தானே செஞ்சோம்?"

"ஐஸுக்கு எங்கம்மா போவேன்? மீன்பிடித் தடை போட்ருக்கான். கடலுக்கு போட்டு ஒண்ணும் போவல. ஐஸ் கம்பெனி பாதி மூடிக் கெடக்கு. காலைலயே ஆள அனுப்பிக் கேட்டாச்சு."

"அப்போ கெழவி மொகம் கெட்டா கெடட்டும். அங்க ஒரு உசுரு கெடக்குது அண்ணாச்சி!"

பந்தலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். தாயம்மா சொந்தக்காரர்கள், மார்க்கெட்டிலிருந்து வந்த பெண்கள். ஒருத்தி எழுந்து, "சாவு வூட்ல வந்து இன்னா பேச்சு பேசறே நீ?" என்றாள். நானும் விடவில்லை, குரலை உயர்த்தினேன். சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தாள். விசிறி கையில் இருந்தது. என்னைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"கம்முனு கெட சிவந்தி. உன் கால்ல வேணா வியறேன்."

"அந்தாளு செத்துடுவாரு அக்கா!"

"அவுரு தூங்குறாரு. ராத்திரி பூரா தூங்கல, இப்பதான் அசந்து தூங்குறாரு. நீ கத்தி எழுப்பிடாத. தாயம்மாக்கா இல்லன்னா அன்னிக்கே என் ஆளு பூட்டிருப்பாரு. அதுக்கு ஒரு நாளு ஃபேன நிறுத்தி வெக்க மாட்டனா? சாயங்காலம் அன்பு வந்துடுவான், அப்பால எடுத்துடுவாங்கோ."

அவள் சொன்னதை நம்பித்தான் சொன்னாள். உடம்பு வியர்க்காமல் காய்ந்து போனால் அது தூக்கம் இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வியர்க்கவில்லை என்றால் நல்லது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

மூன்று மணி இருக்கும். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அக்கா உட்கார்ந்த வாக்கில் சுவரில் சாய்ந்து கண் அசந்திருந்தாள், விசிறி மடியில் விழுந்து கிடந்தது. மாமா கன்னத்தைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம்போல் சுட்டது. கண் பாதி திறந்திருந்தது. "மாமா, மாமா" என்று உலுக்கினேன். ஊம் வரவில்லை. மூச்சு மட்டும் இருந்தது, வேகமாக, குட்டி குட்டியாக.

நான் போட்ட கூச்சலில் அக்கா எழுந்தாள். அப்புறம் எவள் சொன்ன ஆகாதும் நிற்கவில்லை. மூட்டை ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு ஒருவர் சந்து முனையில் நின்றார். மாமாவைத் தூக்கிக்கொண்டு, பெட்டியின் மேலேயே ஒரு கை ஊன்றி, பெண்களின் மடியை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். அண்ணாச்சி முன்னால் ஓடி வழி விலக்கினார், அவர் கண்ணில் தண்ணீர். மீன்பாடி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கொருக்குப்பேட்டை கேட்டைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடினால் மூடினதுதான். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று வந்துகொண்டே இருந்தது. வேகன், வேகன், வேகன். நடுவில் நின்றது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. நிழல் என்று ஒன்றும் இல்லை. அக்கா தன் முந்தானையை மாமா மேல் குடைபோல் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரோ லாரி டிரைவர் தன் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார். நான் கேட் கீப்பரைத் திட்டினேன், ரயிலைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன். ஒன்றும் நகரவில்லை. ரயில் போய்க் கேட் திறந்தபோது வண்டிக்காரர் பெடலில் கால் வைத்தார். அக்கா, "வேணாம் நைனா. திருப்பிடு" என்றாள்.

திரும்பி வந்தோம். சாயங்காலம் அன்புமணி வந்தான். பெட்டி மூடியைத் திறந்தார்கள். தாயம்மா அச்சு அசலாகத் தூங்குகிற மாதிரி இருந்தாள், ஒரு கறுப்பு இல்லை, வீக்கம் இல்லை. "எம்மா" என்று முகத்தில் முகம் வைத்து அழுதான். பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று யாரோ காதில் சொன்னதும் எழுந்து ஓடி வந்து அக்கா காலில் விழுந்தான். அவள் அவன் தலையில் கை வைத்து, "மொகத்தப் பாத்தியா? நல்லா கீதுல்ல?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, பெட்டிய மாமாவுக்கு வச்சிருதேன். காலைல எடுத்துக்கிடலாம்" என்றார்.

"எங்களுக்கு வெளியூர்லேர்ந்து வர யாரும் இல்ல அண்ணாச்சி" என்றாள் அக்கா. "இன்னிக்கே எடுத்துடுங்கோ."

பிறகு நான் சண்டை பிடிக்காத ஆள் பாக்கி இல்லை. அண்ணாச்சியிடம் போனேன். "நான் கெட்டது நெனச்சாம்மா சொன்னேன்?" என்று அழுதார். அன்புமணியிடம் கேட்கப் போனால் அவன் என்னைப் பார்க்கவே முடியாமல் தலை குனிந்து நின்றான். லீவு கொடுத்தது லேட், டிக்கெட் கிடைத்தது லேட், அவன் என்ன விமானமா ஓட்டினான்? பந்தலில் இருந்த பெண்களிடம் போனேன், "நீயுந்தான நிறுத்தினே?" என்றார்கள். யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. எல்லோர் கையும் அதில் இருந்தது, எவர் கையிலும் ஒன்றும் இல்லை.

அது மட்டும் இருந்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். கொஞ்ச நாள் கழித்து ஃபியூஸ் போட லைன்மேன் ஒருவர் வந்தார். கம்பத்தில் ஏறி இறங்கி, என் கடையில் இட்லி சாப்பிட்டபடி பேச்சு வந்தது. அக்கா மாவுத் தூக்கோடு பக்கத்தில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"டேபிள் ஃபேனா? அது இன்னா இழுக்கும்மா? உங்க சந்தே ஃபேன நிறுத்தினாலும் பொட்டிக்கு ஒரு சொட்டு வோல்ட்டேஜ் ஏறாது. வோல்ட்டேஜ் எறங்குனது மேல பெரிய லைன்ல. இந்த வெயிலுக்கு ஊர் பூரா ஏசி, கம்பெனி மோட்டாருன்னு இழுத்துகினு கீறான். மேல ஏறிச்சின்னா இங்க ஏறும், அவ்ளோதான். சும்மா உங்கள நீங்களே பேஜாரு பண்ணிகினீங்கோ."

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள், அவர் முகத்தையே பார்த்தாள், தூக்கை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்வி. மாவு அள்ளிக்கொண்டிருப்பாள், திடீரென்று நிமிர்ந்து, "ஏன் சிவந்தி, நான் ஃபேனப் போட்டுருந்தா பொட்டி நின்னுருக்குமா, நின்னுருக்காதா?" என்பாள். "நின்னுருக்கும்" என்று சொன்னால், "அந்த லைன்மேன் அப்படி சொல்லலியே" என்பாள். "வுடு அக்கா" என்றால், "அப்போ இன்னாத்துக்கு நிறுத்தினேன்?" என்பாள். அண்ணாச்சியிடம் கேட்பாள், அவர் கடையில் மாட்டியிருக்கிற மாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புருஷன் செத்ததற்கு அழுதது ஒரு வருஷம் என்றால், அந்த ஃபேனை நினைத்து மருகியது ஐந்து வருஷம். தாயம்மாவுக்காகப் போனார் என்றிருந்தால் அதில் ஒரு கணக்கு இருந்தது. ஒன்றுக்கும் இல்லாமல் போனார் என்பதைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை.

அடுத்த சாவுக்கும் அவள் வீட்டுப் பிளக்கைத்தான் கேட்டு வந்தார்கள். கொடுத்தாள். "உனுக்கு சூடு சொரண கீதா?" என்று கத்தினேன். "இப்ப ஃபேன நிறுத்தினா கஷ்டப்பட உள்ள யாரு கீறா?" என்றாள்.

அந்த ஐந்து வருஷத்தில் சந்து மாறிவிட்டது. வீட்டுக்கு வீடு கலர் டிவி, நாலைந்து வீட்டில் ஃபிரிட்ஜ். வெயில் மட்டும் அப்படியே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஸ்கூலில் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். காலேஜ் பிள்ளைகள் முகாம் போட்டிருந்தார்கள். மரக்கன்று கொடுப்பார்கள், துணிப்பை கொடுப்பார்கள் என்றதால் போனோம். அக்காவை நான்தான் வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போனேன், வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாளே என்று.

பேசிய பெண் பெயர் எழில்மொழி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுப் பெண். வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் என்று பெருமையாகச் சொன்னாள். ஒல்லியாக, வியர்த்து, சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, கரண்ட்டு எடுக்க நிலக்கரி எரிக்கிறார்கள், அந்தப் புகை மேலே போய்ப் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது, வெயில் கூடுகிறது, அதனால் ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒரு லைட், ஒரு ஃபேன் நிறுத்தினால் போதும், நாம் எல்லோரும் இதற்குப் பொறுப்பு என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். எழுந்துவிட்டேன். "ஏம்மா கண்ணு, எண்ணூர் பக்கம் கரண்ட்டு எடுக்கற பொகபோக்கி அத்தினி நிக்கிதே, அதாண்ட போயி சொன்னியா? எங்க வூட்டு ஃபேனுதான் உன் கண்ணுல பட்டுதா?"

கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அங்கெல்லாம் என்ன கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்கக்கா" என்றாள். "என்னால பேச முடியறது உங்க கிட்டதான்." அதைக் கேட்டதும் என் கோபம் எங்கே போய் ஒட்டுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் முன் சேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, ஒரே ஒரு டேபிள் ஃபேனு. அத ஒருத்தி நிறுத்தி வெச்சான்னா, அதால எதுனா ஆவுமா? இல்ல, சும்மாவா?"

எங்கள் சந்துக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு வயசானவள் தன் பேச்சைக் கேட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டாள் என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா ஆவும்மா. ஒவ்வொரு ஃபேனும் கணக்குல வரும். நீங்க நிறுத்தற அந்த ஒரு ஃபேன்கூட வீண் போவாது. அதால எங்கியோ ஒருத்தருக்கு நல்லது நடக்கும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாக நான் பார்க்காத ஒரு முகம் அவளுக்கு. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, அவள் துடைக்கவே இல்லை. என் பக்கம் திரும்பி முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கேட்டியாடி? வீண் போவாதாம்."

இந்தச் சந்தில் எவனுக்கும் எவளுக்கும் எதிர்ப்பேச்சு பேசாமல் விடாதவள் நான்.

"ஆமாக்கா" என்றேன்.